பொன்னாடைச் சுவர்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்து மூன்று. குரு ஸ்டெல்லா, ஒலிப்பதிவுக் கூடங்கள் கட்டிக் கொடுப்பவர். அவரிடம் ஒலி நுணுக்கம் கற்கும் சீடர் சென்னியப்பன், மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டு கேட்பதற்கென்றே ஈரோட்டு வீட்டில் ஓர் அறை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவை அங்கேயே வரவழைத்துவிட்டார்.

"மிருதங்கம் சரி, ஜால்ரா சரிங்க டீச்சர். குரல் மட்டும் அண்டாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது. மூணு ஆம்ப்ளிஃபயர் மாத்திட்டனுங்க."

"யார் குரல்?"

சென்னியப்பன் வெட்கப்பட்டார்.

"எங்க வீட்டுக்காரி மரகதம்தானுங்க. நானே பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணுனது. இங்க போட்டுக் காட்டினேன். 'கேக்க முடியல, இனிமே பாடவே மாட்டேன்'னுட்டா. மூணு மாசமா வீட்ல பாட்டே இல்லீங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

குரு மரகதத்திடம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். சீடரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியைப் பக்கச் சுவரோடு மெதுவாக நகர்த்தினார்.

"ஸ்பீக்கர் தெரிஞ்சா சொல்லுங்க."

"இப்பத் தெரியுதுங்க."

"குரல் இங்கதான் மோதி, நேரா வர்ற குரலோட கலக்குது."

"சுவர் பூரா நுரை ஒட்டியிருக்கறனே?"

"ஒரு அங்குல நுரை கீச்சுச் சத்தத்தைத்தான் தின்னும் சார், குரலைத் தொடாது. அதுவும் இந்த இடத்துல ஒட்டலையே?"

"அங்க போட்டோ இருக்குதுங்களே."

குரு கண்ணாடியை விலக்கினார். பின்னால் சட்டம் போட்ட படத்தில் சென்னியப்பன் பொன்னாடையோடு நின்றார். எதிர்ச் சுவரிலும் கண்ணாடியை நகர்த்திப் பார்த்தார்கள். அங்கே வேறு பொன்னாடையில் அவரே நின்றார். மொத்தம் பதினான்கு படங்கள்.

"அம்மா பாடறது உங்க மேல பட்டுத்தான் சார் உங்களுக்கு வருது."

பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் போலச் சென்னியப்பன் இரண்டு படங்களைக் கழற்றினார். அந்த இடங்களில் குரு, தான் கொண்டுவந்திருந்த, நாலு அங்குலக் கனத்தில் பஞ்சு அடைத்த பலகைகளை மாட்டிவிட்டுப் பதிவை ஓடவிட்டார்.

மரகதம் எதிரே நின்று பாடுவது போலிருந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே மரகதமும் வாசலில் வந்து நின்றார்.

நாலாவது அடியில் ஓர் ஆண் குரல் தெளிவாகக் கேட்டது.

"இழுக்காத. சுருதி எறங்குது பாரு."

பாட்டு தொடர்ந்தது.

"மறுபடியும் இழுக்கற பாரு."

மரகதம் சொன்னார்: "கேக்க முடியலைன்னு நான் சொன்னது இதைத்தானுங்க டீச்சர்."

சென்னியப்பன் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"இதுக்கு எத்தனை அங்குலம் வெக்கோணுங்க டீச்சர்?"

"இதுக்குப் பலகை வேண்டாம் சார். பொன்னாடையில ஒண்ணு போதும். அம்மா பாடி முடிக்கற வரைக்கும் வாயில வெச்சுக்குங்க."