கூடைக்கு அடியில் ஒரு தவளை

ஏழு வருஷமாகக் காடெல்லாம் தானே சொல்லிவந்த ஒரு விவரத்தை ஆமை மந்தையன் உள்ளுக்குள் ஒரு நாளும் முழுசாக நம்பியதில்லை. "மூணு நாளும் தவளை பாடிச்சு. என் காதால கேட்டேன்!" என்பதுதான் அந்த விவரம். சொல்லும்போது கழுத்தை நன்றாக நீட்டிச் சொல்வார். சொல்லி முடித்ததும் கழுத்து தானாக உள்ளே போய்விடும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், காட்டின் தெற்கு ஓரத்தில் ஒரு சாயக்குட்டை இருந்தது. மனிதர்கள் துணிக்குச் சாயம் போட்ட மிச்சத்தை அதில் கொட்டினார்கள். பிறகு சாயப் பட்டறையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் ஒரு நாள் ஊதா, ஒரு நாள் மஞ்சள்.

முயல்களுக்குக் காட்டில் இடம் போதவில்லை. "குட்டையைச் சுத்தம் பண்ணி, கரையில வளை போட்டுக் கொடுத்துடறேன்!" என்று ஊளையப்பன் என்ற நரி முன்வந்தான். காட்டுப் பஞ்சாயத்து ஒப்புக்கொண்டது. மேற்பார்வைக்கு மந்தையனை நியமித்தது. நிதானமானவர், அவசரப்பட மாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார்.

பஞ்சாயத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. சுத்தம் செய்த குட்டையில் ஒரு தவளையை விட வேண்டும். மூன்று நாள் அது அங்கேயே இருந்து குரல் கொடுத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். அப்போது மேற்பார்வையாளர் ஈர மண்ணில் தன் காலைப் பதித்து அனுமதி கொடுக்கலாம்.

நரி குட்டையிலிருந்து அள்ளிய சாயக் கசடைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோகவில்லை. கரையிலேயே ஒதுக்கி, மேலே ஒரு சாண் செம்மண்ணைப் பரப்பினான். குட்டையில் பொட்டு என்ற பச்சைத் தவளையை விட்டான். அதன் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்தான்.

"கூடை எதுக்குப்பா?" என்றார் மந்தையன்.

"பாதுகாப்புக்கு ஐயா! பருந்து தூக்கிட்டுப் போயிட்டா சோதனை கெட்டுடுமே!"

மந்தையனுக்கு மனம் நெகிழ்ந்தது. தவளையின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது, பாராட்டத்தக்கது என்று பஞ்சாயத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

அப்போது காற்று திரும்பியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆமை வேறென்ன செய்யும்? தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மூன்று நாளும் அப்படியே கரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்! ஓட்டுக்குள் ஒரே இருட்டு. வெளியே தவளைச் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது.

"பாட்டு எப்படி ஐயா?" என்றான் நரி.

"குரல்ல கொஞ்சம் கரகரப்பு. ஆனா உருக்கமா இருக்கு!" என்றது ஓடு.

நாலாம் நாள் கூடையைத் தூக்கினார்கள். பச்சையாகப் போன தவளை வெளிறிப்போய் வந்தது. யாரோடும் பேசாமல் தத்தித் தத்திப் போய்விட்டது.

"குளிச்சுப் பளபளன்னு ஆயிட்டான் பாருங்க!" என்றான் நரி.

"ஆமாமா, நல்ல நிறம்!" என்று மந்தையன் காலைப் பதித்தார்.

செவலை என்ற முயல் ஐந்து குட்டிகளோடு முதல் வளையில் குடியேறினாள். ஒரே மாதத்தில் மந்தையனைத் தேடி ஓடி வந்தாள்.

"ஐயா, தோண்டத் தோண்ட ஊதா மண்ணு வருது. குட்டிங்களுக்கு முடியெல்லாம் கொட்டி, உடம்பு பூரா புண்ணு!"

"பருவம் மாறுதில்ல, முடி கொட்டத்தான் செய்யும். தவளை மூணு நாள் பாடிச்சும்மா. என் காதால கேட்டேன்!"

"அது பாடினது இருக்கட்டும். நீங்க ஒரு தடவை உள்ள வந்து பாருங்களேன்!"

"என் ஓடு உன் வாசல்ல நுழையாதே!"

"தலை நுழையுமில்ல? அதைத்தான் நீட்டவே மாட்டேங்கிறீங்களே!"

மழை வருவதற்குள் செவலை வளையைக் காலி செய்தாள். ஐந்து குட்டிகளோடு வந்தவள் மூன்று குட்டிகளோடு போனாள். அன்றிலிருந்து மந்தையன் தன் விவரத்தை இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

ஏழாம் வருஷம் பஞ்சாயத்து அவரிடம் இன்னொரு குட்டையை ஒப்படைத்தது. அனுபவசாலி ஆயிற்றே! நரி அதே கூடையோடு வந்து நின்றான். அதைப் பார்த்ததும் மந்தையனின் கழுத்து வழக்கம்போல உள்ளே போனது. ஆனால் கால்கள் வேறு பக்கம் நடந்தன.

இரண்டு நாள் நடந்து ஓடைக்கரையில் பொட்டுவைக் கண்டுபிடித்தார். தவளை இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"வாங்க ஐயா! என்னை வந்து பார்க்க ஏழு வருஷமா? உங்க வேகத்துக்கு இது சீக்கிரம்தான்!"

மந்தையன் கழுத்தை முழுசாக நீட்டினார். "பொட்டு, அந்தக் கூடைக்கு அடியில மூணு நாளும் நீ பாடினியா, இல்ல, வெளிய எடுங்கன்னு அலறினியா?"

தலையை நீட்டிக் கேட்க வேண்டியதை, அனுமதி கொடுப்பதற்கு முன்பே கேட்பதுதான் மேற்பார்வை.