மான் விட்டுக்கொடுத்த விடியற்காலைத் தண்ணீர்

மழை குறைந்த ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் இருந்தது, குழந்தைகளே. கோடை வந்தால் காட்டெருமைகள் அதில் இறங்கிப் புரளும். முயலுக்கும் எலிக்கும் கீரிக்கும் சேறுதான் மிஞ்சும்.

"இனிப் பொறுக்க முடியாது" என்று முள்ளம்பன்றி ஒன்று சிறிய விலங்குகளைத் திரட்டிச் சங்கம் அமைத்தது. எல்லாம் சேர்ந்து சுனைக்குப் போகும் வழியை மறித்து உட்கார்ந்தன. மிதிபட்டுப் பல செத்தன. மற்றவை எழுந்திருக்கவில்லை. முள் குத்திக் கால் புண்ணான காட்டெருமைகள் கடைசியில் இறங்கிவந்தன. விடியற்காலையில் சிறியவை மட்டும் குடிப்பது, வெயில் ஏறிய பிறகே பெரியவை வருவது என்று முறை வைத்தன.

முள்ளம்பன்றி கிழமாகி இறந்தது. அடுத்துச் சங்கத்தில் இருந்த மான் ஒன்று தலைவரானது. மான் கெட்டதல்ல. ஆனால் பெரியவர்கள் நாலு வார்த்தை மெச்சிவிட்டால் அதற்குத் தலைகால் புரியாது.

காட்டெருமைத் தலைவன் இதைக் கண்டுகொண்டது. "தம்பி, உனக்கும் கொம்பு, எங்களுக்கும் கொம்பு. எலிக்கூட்டத்துக்கு மட்டும் தலைவனாக இருந்து என்ன பயன்? எங்களையும் சேர்த்துக்கொள். காடே உன் பின்னால் வரும்."

"தாராளமாக வாருங்கள், அண்ணா!"

"வரலாம். அந்த விடியற்காலை முறைதான் எங்களுக்கு அவமானமாக இருக்கிறது."

மறுநாளே மான் சங்கத்தைக் கூட்டியது. "தோழர்களே! நம் சங்கம் இனி எல்லோருக்கும் பொது. ஆகவே சுனையும் எந்நேரமும் எல்லோருக்கும் பொது!"

காட்டெருமைகள் ஆரவாரம் செய்தன. தாய் முயல் ஒன்று தயங்கித் தயங்கி எழுந்தது.

"தலைவரே, அவர்கள் இறங்கின பிறகு எங்களுக்கு ஏது தண்ணீர்? என் குட்டிகள் இன்னும் புல் கடிக்கப் பழகவில்லை. நான் குடித்தால்தான் அவற்றுக்குப் பால்."

"கொஞ்சம் பொறுத்துக்கொள், அம்மா. சங்கம் பெருகட்டும். எல்லாம் சரியாகிவிடும்."

முயல் பொறுத்தது. சுனை சேறானது. முயலுக்குப் பால் வற்றியது. குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிக் குட்டியைப் புதரடியில் மண் தள்ளி மூடிவிட்டு, அந்தத் தாய் வாய்விட்டு அழுதது. அழுகுரல் மானின் காதிலும் விழுந்தது. அது அப்போது காட்டெருமைகளோடு பேசிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நரி ஒன்று சிறிய விலங்குகளிடம் வந்தது. "ஐயோ, உங்களைப் பார்த்தால் என் வயிறு எரிகிறதே! பெரியவர்கள் ஒழிக! மலைக்கு அப்பால் ஒரு சுனை இருக்கிறது, என் பின்னால் வாருங்கள்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாகம் யாரை யோசிக்கவிடும்? எலிகளும் கீரிகளும் முயல்களும் கூட்டமாகப் புறப்பட்டன. மலைக்கு அப்பால் நரிக்கூட்டம் காத்திருந்தது. போனவற்றில் ஒன்றும் திரும்பவில்லை. நடக்கத் தெம்பில்லாத தாய் முயல் மட்டும் இங்கேயே கிடந்தது.

மான் பதறிப்போய்க் காட்டெருமைகளிடம் ஓடியது. "அண்ணா, என் கூட்டம் அழிந்துவிட்டது. துணைக்கு வாருங்கள்!"

"எங்களுக்கு வேண்டியது சுனை, அது கிடைத்துவிட்டது. ஆளில்லாத சங்கத்துக்கு நீ என்ன தலைவன்? வழியை விடு" என்று காட்டெருமைத் தலைவன் மானைக் கொம்பால் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கியது.

மான் கூட்டம் கூடும் பாறைக்குப் போய்க் குளம்பால் தட்டித் தட்டி அழைத்தது. தாய் முயல் ஒன்றுதான் தள்ளாடி வந்தது.

"நீயாவது வந்தாயே, அம்மா!" என்றது மான்.

"கூட்டத்துக்கு வரவில்லை, தலைவரே. ஒன்று கேட்டுவிட்டுப் போக வந்தேன். நரி எங்களைக் கொன்றது பசிக்காக. உங்களுக்கு என்ன பசி?"

கேட்டுவிட்டு முயல் புதரடிக்கே திரும்பிப் போயிற்று.

பிறகு வேறு முயல்களும் எலிகளும் அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தன. அவையும் சேற்றைத்தான் குடித்தன. மானின் கதை அவற்றின் காதுக்கும் எட்டியிருந்தது. யாராவது 'சங்கம்' என்று பேச்செடுத்தால், "மானுடைய சங்கம்தானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடும்.

நீதி: தன்னை நம்பியவர்களின் உரிமையைக் கொடுத்து மேலிடத்தின் மெச்சுதலை வாங்கும் தலைவன், தன் காலத்தை மட்டுமல்ல, தனக்குப் பின் வருபவர்களின் நம்பிக்கையையும் சேர்த்தே அழிக்கிறான்.