பல்லக்கை முந்துன வண்டி

மாடு நிக்கல டி அஞ்சுகம். கயித்த இழுக்கிறேன், உள்ளங்கை தோல் உரியுது, அது பாட்டுக்கு ஓடுது. நிறுத்தவும் பயம், விடவும் பயம். பின்னால மருத்துவச்சி வீராயி வண்டிச் சட்டத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "அடியே, உங்க அக்கா உசுர காப்பாத்தப் போறியா, என் உசுர எடுக்கப் போறியா"ன்னு கத்துறா. முன்னால ராஜாவோட பல்லக்கு. தூக்குறவங்க பாட்டுப் பாடிக்கிட்டு, ஆடி அசைஞ்சு, தெருவ அடைச்சுக்கிட்டுப் போறாங்க. பல்லக்குக்கும் கோயில் மதிலுக்கும் நடுவுல ஒரு வண்டி நுழையிற சந்து. நுழைஞ்சா கை போயிடும். நுழையலைன்னா அக்கா போயிடுவா.

இரு, தண்ணி குடிச்சுக்கிறேன்.

நீ உங்க மாமா ஊர்ல இருந்து சாயந்திரம்தான வந்த, உனக்கு ஒண்ணும் தெரியாது. சிரிக்காம கேளு. என்னைக்காவது எவனாவது "முன்னொரு காலத்துல ஒரு ராஜா இருந்தாரு, அவரு சபையில ஒரு விகடகவி இருந்தாரு"ன்னு இதையே கதையா சொல்லுவான். கேக்குறவங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க. அந்த விகடகவி எங்கப்பா. அந்தக் கதையில மரக்கட்டை மேல கைய வச்சுக்கிட்டு நின்னவ நான். இங்க பாரு, மணிக்கட்டுல கட்டைத் தடம் இன்னும் இருக்கு.

நீ ஊருக்குப் போன மறுநாள் நல்ல மழை. ராஜா தேர் வீதியில பல்லக்குல போயிருக்காரு. ஒரு கத்தரிக்கா வண்டி சர்ருன்னு அவரத் தாண்டிப் போச்சாம். குட்டையில இருந்த சேறு பூரா ராஜா மீசையில. மீசையத் தொடைக்காமலே சபைக்கு வந்துட்டாரு, அவ்வளவு கோவம். பிரதானி கோவர்த்தனர் இருக்காரே, எங்கப்பாவக் கண்டாலே அவருக்கு ஆகாது, அவரு எந்திரிச்சாரு.

"மன்னர் பெருமானே, தங்களை முந்திச் செல்லக் கத்தரிக்காய்க்கு என்ன துணிவு! இந்நகரில் எந்தத் தெருவிலும் எந்த வண்டியும் தங்கள் பல்லக்கைவிட வேகமாகச் செல்லலாகாது என்று ஆணையிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்."

"அத்துடன், கண்ட இடத்தில் வண்டிகளை நிறுத்தி நகரின் அழகைக் கெடுக்கிறார்கள். எந்தத் தெருவிலும் வண்டி நிற்கலாகாது என்றும் ஆணையிட வேண்டும்."

நகரத்தோட அழகாம்! அவரு புதுசா கட்டுன மாடியில உக்காந்தா எதிர்க்க வைக்கோல் வண்டி நிக்குது. அதான் வயித்தெரிச்சல்.

எங்கப்பாவுக்கு வாய் சும்மா இருக்காதே. "மகாராஜா, ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. மாடுகள் பறக்கக் கற்றுக்கொள்ளும் வரை சற்று அவகாசம் தாருங்கள்"னாரு. வேற நாளா இருந்தா ராஜா சிரிச்சிருப்பாரு. அன்னைக்கு மீசையில சேறு.

பிரதானி அதைத்தான் புடிச்சுக்கிட்டாரு. "மருதப்பருக்கு வண்டிகள் மீது இவ்வளவு அக்கறை இருக்கிறதே, அவரையே வீதி அதிகாரியாக நியமிக்கலாம். மீறுகிறவர் எவராயினும் சாட்டை பிடித்த கையை வெட்டுவது அவர் பொறுப்பு. தவறினால் அவர் கை."

அப்பா அன்னையில இருந்து வீதி அதிகாரிக் கோலை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா போவாரு. வண்டிச் சத்தம் கேட்டா வானத்தப் பாத்துக்கிட்டு, "ஆகா, என்ன அழகான காக்கா"ன்னு நிப்பாரு. வண்டிக்காரங்களும் புரிஞ்சுக்கிட்டு ஓடிருவாங்க. ஊரே அப்பாவுக்கு மனசுக்குள்ள கும்பிடு போட்டுச்சு. அப்படியே போயிரும்னுதான் நெனச்சோம்.

இன்னைக்குக் காலையில அக்காவுக்கு வலி கண்டுச்சு. அக்கா வீட்டுக்காரரு படையோட எல்லைக்குப் போயிருக்காரு, அப்பா சபையில. அம்மா அக்கா தலைய மடியில வச்சுக்கிட்டு, "ரத்தம் நிக்கல தையலு, வீராயியக் கூட்டியா, ஓடு"ன்னாங்க. வீராயி வடக்கு வாசல்ல இருக்கா, காலு வீங்கிப் போயி நடக்க முடியாது. நான்தான் வண்டியப் பூட்டுனேன். புல்லு ஏத்திட்டு வர்ற வண்டிதான, ஓட்டத் தெரியும். ஆனா அவ்வளவு வேகமா ஓட்டுனதில்ல.

சந்துல நுழைஞ்சேன் டி. கண்ண மூடிக்கிட்டுதான். "வழி விடுங்க சாமி"ன்னு கத்துனது மட்டும் ஞாபகம் இருக்கு. தெறந்து பாத்தா பல்லக்கு பின்னால நிக்குது, அதுல தொங்குன சிவப்புப் பட்டுக் குஞ்சம் என் வண்டி முளையில மாட்டிக்கிட்டுக் கூடவே வருது.

குறுக்கு வழின்னு நெசவுத் தெருவுல திருப்புனேன். அங்கதான்... அத அப்புறம் சொல்றேன்.

எங்க சந்து வாயில வந்தா, உள்ள போக முடியல. பிரதானியோட குதிரை வண்டி குறுக்க நிக்குது. அவரு வீட்டு வாசல்ல நிறுத்துனா மாடி அழகு கெட்டுருமாம், தெனம் எங்க சந்துலதான் நிறுத்துறது. என் வண்டிய அங்கயே போட்டுட்டு வீராயியத் தாங்கிப் புடிச்சு இழுத்துட்டு ஓடுனேன். ஓடுனதும் குத்தம், நிறுத்துனதும் குத்தம். ரெண்டையும் பண்ணிட்டேன்.

பொம்பளப் புள்ள பொறந்துச்சு. கொஞ்ச நேரம் அழவே இல்ல. வீராயி அதத் தலைகீழாப் புடிச்சு முதுகுல தட்டுனா, கத்துச்சு பாரு. "இன்னும் கொஞ்சம் தாமசமா வந்திருந்தா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டே கையக் கழுவுனா. அந்தத் தண்ணி வாசலுக்குப் போறதுக்குள்ள காவலாளுங்க வந்துட்டாங்க. வண்டியில குஞ்சம் தொங்குதே, தேடவா வேணும்.

சபையில நடுவுல ஒரு மரக்கட்டை. வெட்டுறவன் என் மணிக்கட்ட அது மேல வச்சு அமுக்கிக்கிட்டான். அவன் கையும் வேர்த்திருந்துச்சு.

ராஜா கேட்டாரு, "வீதி அதிகாரியே, குற்றவாளி யார்?"

அப்பா என்னைப் பாக்கல. "தையல்நாயகி, மகாராஜா. என் மகள்."

பிரதானி கையக் கட்டிக்கிட்டு, "ஆணை ஆணைதானே, மருதப்பரே?"ன்னாரு. தேன் ஒழுகுற குரல்.

"அதில் என்ன ஐயம், பிரதானியாரே? ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் நிறைவேற்றுவேன். ஆனால் இவளுக்கு முன்னால் பிடிபட்டவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். அவர்கள் கையை வெட்டிய பிறகுதான் இவள் முறை."

"எவ்வளவு பேர்?"ன்னாரு ராஜா.

"ஊர் முழுவதும், மகாராஜா."

என்னைப் புடிச்சிட்டாங்கன்னு தெரிஞ்ச ஒடனே அப்பா காக்கா பாக்குறத விட்டுட்டாரு. உத்தரவுல என்ன இருக்கோ அதையே அப்படியே நடத்தச் சொல்லி எல்லா வாசலுக்கும் ஆள் அனுப்பிட்டாரு.

"தங்கள் பல்லக்கைவிட வேகமாக எதுவும் செல்லலாகாது என்பது ஆணை. தாங்கள் சபையில் வீற்றிருக்கிறீர்கள். பல்லக்கு வாசலில் சும்மா இருக்கிறது. ஆகவே அசைந்த வண்டி எல்லாம் தங்களை முந்திய வண்டி. அசைந்தவர்களைப் பிடித்தேன். அதைக் கண்டு மற்றவர்கள் பயந்து நின்றார்கள். நிற்கலாகாது என்பதும் ஆணை. நின்றவர்களையும் பிடித்தேன்."

ராஜா வயித்தத் தடவுனாரு. "நண்பகல் ஆகிவிட்டதே, இன்னும் போஜனம் வரவில்லையே?"

"அரிசி வண்டி தெற்கு வாசலில் நிற்கிறது, மகாராஜா. தாங்கள் உட்கார்ந்திருக்கும் வரை அதுவும் உட்கார்ந்திருக்கும்."

"அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?"

"பல்லக்கில் ஏறி ஓட வேண்டும். தாங்கள் எவ்வளவு வேகமோ அரிசியும் அவ்வளவு வேகம்."

பசி யாரைத்தான் விட்டுச்சு. ராஜா ஏறிட்டாரு டி! பல்லக்க அரண்மனை முற்றத்துல சுத்திச் சுத்தி ஓட்டுறாங்க. அப்பா படியில நின்னுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் வேகம், மகாராஜா! தயிர் புளிக்கிறது! அந்தப்புரத்துத் தண்ணீர் வண்டி இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, நிறுத்திவிடாதீர்கள்!"னு கத்துறாரு. உள்ள ராஜா தூக்கித் தூக்கிப் போட்டு, கிரீடம் மூக்கு வரைக்கும் எறங்கிருச்சு. "போதும் ஐயா, என் குடல் வாய்க்கு வந்துவிட்டது! யாராவது என்னை முந்திப் போங்களேன்!"னு அலறுனாரு. அப்புறம் திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. தூக்குறவங்க சிரிச்சாங்க. சபை மொத்தமும் சிரிச்சுது.

நான் சிரிக்கல. என் கை இன்னும் கட்டை மேலதான் இருந்துச்சு. விடச் சொல்லணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

அப்பா அந்தச் சிரிப்பு ஆறுறதுக்குள்ள கேட்டாரு. "மகாராஜா, வரிசையில் முதல் கை யாருடையது என்று சொல்லவில்லையே. எங்கள் சந்தின் வாயிலில் ஒரு குதிரை வண்டி நாள்தோறும் நிற்கிறது. அதை நிறுத்தியவனைக் கேட்டேன். பிரதானியார் நிறுத்தச் சொன்னார் என்கிறான்."

பிரதானி கை ரெண்டும் தானா அங்கவஸ்திரத்துக்குள்ள போயிருச்சு. ராஜா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. "அவர் கை இருக்கட்டும். இனி ஊர் வண்டிகள் எல்லாம் பிரதானி மாளிகை வாசலில் நிற்கட்டும்!"

அப்பத்தான் அப்பா ஒரு வார்த்தை சொன்னாரு. நல்ல வார்த்தைதான். அதுதான் இப்போ என் தலையில விழுந்திருக்கு. "மகாராஜா, தேர் வீதியில் நாலு வண்டி சேர்ந்து போகலாம். நெசவுத் தெருவில் பாவு நூலை விரித்துக் காயவைப்பார்கள், குழந்தைகள் விளையாடுவார்கள். எல்லாத் தெருவையும் ஒரே பல்லக்கால் அளக்கலாமா? ஒவ்வொரு தெருவின் வேகத்தையும் அந்தத் தெருவை அறிந்தவர் சொல்லட்டும்."

"பலே மருதப்பரே!"ன்னு கழுத்துல கெடந்த முத்துமாலையக் கழட்டி அப்பாவுக்குப் போட்டாரு ராஜா. அப்புறம் என்னைப் பாத்தாரு. "நெசவுத் தெருவை இவளைவிட அறிந்தவர் யார்? இன்று காலைதானே என் கண்முன்னே அதில் பறந்தாள்! அந்தத் தெருவுக்கு இவளே வேகம் சொல்லட்டும். நாளை விடிந்ததும் இவள் வாயால் கேட்டுப் பறையறையுங்கள்!"

எல்லாரும் கைதட்டுனாங்க. அப்பத்தான் வெட்டுறவன் என் கைய விட்டான். பிரதானி மட்டும் மெல்ல, "இனி மீறுகிறவர்களுக்குத் தண்டனை, பெருமானே?"ன்னாரு.

ராஜா கண்ணத் தொடைச்சுக்கிட்டே, "அது பழையபடியே இருக்கட்டும்"னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டாரு. அப்பா பின்னாலயே ஓடுனாரு. "மகாராஜா, அந்தத் தண்டனை..."ன்னு. கதவ மூடிட்டாங்க.

இப்போ அந்த நெசவுத் தெரு விஷயத்தச் சொல்றேன். நீ யாரு கிட்டயும் மறைக்க வேணாம், அந்தத் தெருவுக்கே தெரியும். காலையில நான் திரும்புனப்போ நடுத்தெருவுல ஒரு பொடிப்பய நுங்கு வண்டி உருட்டிக்கிட்டு இருந்தான். இடுப்பு ஒசரம்தான் இருப்பான். கயித்த இழுத்தேன், மாடு நிக்கல. யாரோ ஒரு கை அவன வாசப்படிக்கு இழுத்துச்சு. சக்கரத்துக்கு அடியில 'நறுக்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் நுங்குதானா, அவன் காலான்னு தெரியாமலே நான் போயிட்டேன் டி. திரும்பிப் பாத்தா நின்னுருவேனோன்னு பாக்கல. வீராயிக்குத் தண்ணி சுட வச்சப்பவும் அந்த 'நறுக்'தான் காதுல.

சபையில இருந்து நேரா அங்கதான் போனேன். பயலுக்கு ஒண்ணும் ஆகல. அவங்க அம்மா ராக்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல.

"உங்க அக்காவுக்கு எப்படி இருக்கு?"ன்னாங்க.

"நல்லாருக்கா அத்தை. பொம்பளப் புள்ள."

"நல்லது"ன்னாங்க. நசுங்குன அந்த நுங்கு மட்டைய எடுத்து என் கையில வச்சாங்க. அதே கையில. "எங்க தெருவுக்கு நீதான் சொல்லப் போறியாமே, தாயி. சொல்லு"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. பய மட்டும் கதவு இடுக்குல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.

அப்பா கிட்ட கேட்டேன். எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பாரே, அந்த மனுஷன். முத்துமாலையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, என் மணிக்கட்டையே தடவிக்கிட்டு இருந்தாரு. எங்கப்பா பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல, அஞ்சுகம். அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

நானே யோசிச்சுப் பாத்தேன். மெதுவான்னு சொன்னா, நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி அக்காவுக்காக வண்டிய விரட்டிட்டு வருவா, கட்டை மேல அவ கை இருக்கும். அவளுக்கு விகடகவி அப்பன் இருக்க மாட்டான். வேகமான்னு சொன்னா அந்தப் பய. சரி, மருத்துவச்சி ஏறுன வண்டிய மட்டும் விடலாம்னு சொல்லிரலாமான்னு பாத்தேன். ஆனா நான் ஓட்டுனதும் மருத்துவச்சி ஏறுன வண்டிதான? உள்ள யாரு உக்காந்திருக்கான்னு சக்கரத்துக்குத் தெரியுமா?

விடிஞ்சா பறையடிக்கிறவன் வாசல்ல வந்து நிப்பான். என் வாயத்தான் பாப்பான். ராக்கம்மா அவங்க வாசல்ல நிப்பாங்க. உள்ள புள்ள அழுவும்.

நான் என்ன டி சொல்ல?