அமாவாசைக்கு அமாவாசை கைமாறிய தோட்டம்

ஊமத்தங்குளத்து அண்ணன் தம்பி மூவரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

மூத்தவன் சுடலைக்கண்ணு, நடுவுள்ளவன் ஆவுடையப்பன், இளையவன் இசக்கிப்பாண்டி. மூவரும் மாட்டை விற்று, கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் நாற்பது சென்ட் கத்தரித் தோட்டம் வாங்கினார்கள். பத்திர எழுத்தர், எல்லாருக்கும் எழுதுவது போல, "சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதிப் பதிந்து கொடுத்தார்.

இருபது நாள் சுகமாகப் போயிற்று. ஒருநாள் காலையில் இசக்கிப்பாண்டி காலண்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணே, நாளைக்கு அமாவாசை. நிலா கிடையாது."

சுடலைக்கண்ணு முகம் கறுத்துவிட்டது. "அப்போ நாளைக்குத் தோட்டம் நம்மது இல்லையேலே."

"சூரியன் இருக்கும்லா?" என்றான் ஆவுடையப்பன்.

"ஒத்தைக் காளைய வச்சு ஏர் பூட்டுவியா? ரெண்டும் இருக்கணும்னு எழுதியிருக்கு."

பத்திரத்தை மீறி நிலத்தில் நிற்பது பாவம் என்று மூவரும் அண்ணாச்சி வீட்டுக்கே போய்த் தோட்டத்துப் படல் பூட்டின் சாவியைக் கொடுத்தார்கள். சுடலைக்கண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சிக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அமாவாசை விடியலிலேயே நாலு கூடையோடு இறங்கி, பிஞ்சுகூட மிச்சம் வைக்காமல் பறித்துக்கொண்டு போனார். இப்படியே மூன்று அமாவாசை. அண்ணன் தம்பிகள் இருபத்தொன்பது நாள் தண்ணீர் பாய்ச்சினார்கள், அவர் ஒருநாள் காய் பறித்தார். மூவர் வீட்டிலும் அடுப்பு எரிவது அருகிப்போனது.

ஊரார் பார்த்துப் பொறுக்காமல் மூவரையும் வழக்குப் போடவைக்க, விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. எந்த உரிமையில் தோட்டத்தில் இறங்கினீர் என்று நீதிபதி கேட்டார். இவர்கள்தான் சாவி கொடுத்துக் கூப்பிட்டார்கள் என்றார் அண்ணாச்சி. உண்மையா என்று கேட்டதற்கு மூவரும் பெருமையாக ஆமாம் என்றார்கள். அவர்களுடைய வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி நல்ல மனுஷர். பத்திரம் செல்லும், நிலா வந்தாலும் வராவிட்டாலும் நிலம் இவர்களுடையதுதான் என்று தீர்ப்புச் சொன்னார். மனம் ஆறவில்லை என்றால் அந்த ஒரு வரியை மாற்றி, பிழைதிருத்தல் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள் என்றும் சொல்லிவைத்தார். அதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

நிலாவுக்குப் பதில் எதை எழுதுவது? மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்கள். குளம் என்றால் சித்திரையில் வற்றும். சூரியன் மட்டும் என்றால் மழைநாளில் மூடிக்கொள்ளும். கடைசியில் ஆவுடையப்பன் சொன்னான்:

"ஒருநாள்கூடத் தவறாம வந்தது யாரு? மூணு அமாவாசையும், அடைமழையிலயும், சொன்ன நேரத்துக்கு வந்தது கோமதிநாயகம் அண்ணாச்சிதானே?"

மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. "கோமதிநாயகம் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதினார்கள். சார்பதிவாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அண்ணாச்சி, சந்திர சூரியர் இருந்த இடத்தில் தன் பேரா என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அண்ணாச்சி ஒரு தும்மல் தும்மினார். வினை அங்கே ஆரம்பித்தது.

மூவரும் அவர் வீட்டிலேயே குடியேறினார்கள். ஒருவன் குடை பிடித்தான், ஒருவன் முன்னால் போய்க் கல் பொறுக்கினான், ஒருவன் மீனில் முள் எடுத்து ஊட்டினான். சைக்கிளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள், பிறகு கிணற்றையும் மூடினார்கள். வெற்றிலை, காரம், மாடிப்படி எல்லாவற்றுக்கும் தடை. தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று எழுப்பிக் கேட்டார்கள்.

எட்டாம் நாள் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "நிலாவையே திரும்ப எழுதிக்கிடுங்க, என்னை விட்டுருங்க. இப்படியே போனா நான் செத்துருவேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிடுங்க இப்படியும் ஒரு வழியா? அவர் வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டு வக்கீலிடம் ஓடினார்கள்.

"கோமதிநாயகம் சாகக் கூடாதுன்னு கோர்ட்ல இடைக்காலத் தடை வாங்கணும்" என்றான் சுடலைக்கண்ணு.

"தடையை மீறிச் செத்துட்டா?" என்றார் வக்கீல்.

சுடலைக்கண்ணு அதையும் யோசித்துத்தான் வந்திருந்தான்.

"கோர்ட் அவமதிப்புன்னு பிடிச்சு ஆறு மாசம் உள்ள போடுங்க. ஜெயில்ல நேரத்துக்குச் சோறு போடுவாங்க, ஆளு நல்லா இருப்பாரு."