ஏழு பத்து பஸ்

"பொய்யா? யாருங்க பொய் சொன்னது? ஏப்ரல் ஒண்ணாந்தேதின்னு போட்டது ஊரை முட்டாளாக்கறதுக்கா? எங்களுக்கு வேற சோலியில்லைன்னு நெனச்சீங்களா? நானூறு பேரு இருக்கற வாட்ஸ்அப் குரூப்புல பேரு இல்லாம, மூஞ்சி இல்லாம, டிராக்டர் படத்தை வெச்சுக்கிட்டு வீரம் பேசறீங்க! எம்எல்ஏம்மா சட்டசபையில கேட்டாச்சு. அமைச்சரு எந்திரிச்சுப் பதிலும் சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன, பஸ்ஸை நான் தோள்ல தூக்கிட்டு வந்து உங்க ஊர்ல எறக்கோணுமா?"

செங்கோட்டுவேலு கட்டைவிரலை எடுத்தாரு. வாய்ஸ் மெசேஜ் போயிருச்சு. அடுத்த நிமிசம் அந்த டிராக்டர் நம்பரை குரூப்புல இருந்தே தூக்குனாரு. அப்பவும் ஆத்திரம் தீரல. மேஜை மேல இருந்த தண்ணி டம்ளரை அடிச்சு வெச்சாரு. தண்ணி மூணாம் வருசச் சட்டப் புஸ்தகத்து மேல கொட்டுச்சு.

நாப்பத்தொரு வயசு வேலுவுக்கு. உரக்கடையைத் தம்பிகிட்ட விட்டுட்டுச் சட்டம் படிக்க வந்தவரு. காலேஜுல வாத்தியாருங்ககிட்ட மல்லுக்கட்டி நாலு தடவை வெளிய நின்னவரு. படிக்கற நேரம் போக மிச்ச நேரத்துக்கு எம்எல்ஏ பூவாத்தா ஆபீசுல இருந்தாரு. சம்பளத்துக்கு இல்ல. "இந்தம்மாகிட்ட ரெண்டு வருசம் கத்துக்கறேன்"னு அவராவே வந்து உக்காந்தது.

பூவாத்தாவுக்கு முப்பத்தேழு. வேலுவை விட நாலு வயசு சின்னவங்க. எலெக்‌ஷன்ல நிக்கறதுக்கு முன்னாடி பத்து வருசம் சைக்கிள்ல தபால் கொடுத்தவங்க. குருன்னு வேலுதான் சொல்லிட்டுத் திரிவாரு. அவங்க அவரை வேலண்ணான்னுதான் கூப்பிடுவாங்க. ரெண்டு வருசத்துல ஒரு புத்திமதி கூட அவங்க வாயில இருந்து வந்ததில்ல. அது வேற வேலுவுக்குக் கோவம்.

ஆபீசு வாசல்ல ஒரு கரும்பலகை. எந்த ஊரு என்ன கேட்டுச்சு, சட்டசபையில என்ன பதில் வந்துச்சுன்னு அதுல எழுதறது வேலு வேலை. அதையே குரூப்புலயும் போடுவாரு.

சத்தம் கேட்டு பூவாத்தா உள்ள வந்தாங்க. சட்டசபை முடிஞ்சு நேத்து ராத்திரிதான் மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தாங்க.

"எந்த ஊருங்கண்ணா?"

"ஆலாங்கரடு. இன்னிக்குக் காலையில ஏழு பத்து பஸ் வரலையாம். அதுக்கு என்னைப் பொய்யன்ங்கறான்."

"ஏழு பத்துக்குப் பஸ் வருதுன்னு யாரு சொன்னது?"

வேலு கொஞ்சம் தணிஞ்சாரு. "நான்தானுங்க. ஊர்க்காரங்க மனுவுல ஏப்ரல் ஒண்ணுல இருந்து வேணும்னு கேட்டிருந்தாங்க. அமைச்சரு பரிசீலிக்கறேன்னாரு. ரெண்டையும் சேத்துப் போட்டேன்."

"அமைச்சரு பதில் மூணு வரி. நடு வரி?"

"அது எதுக்குங்க? ஊருக்குள்ள பஸ்ஸைத் திருப்ப எடமில்லைன்னு ஒரு வரி. அதைப் போட்டா ஊரு சங்கடப்படும். உங்களுக்கும் கெட்ட பேரு. விட்டுட்டேன்."

பூவாத்தா அந்தப் பதில் தாளை ஃபைல்ல இருந்து எடுத்து மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டாங்க. "அந்த டிராக்டர் நம்பரு?"

"தூக்கிட்டேன்."

"சேத்துருங்க."

"நம்மளத் திட்டுனவனுங்க அவன்!"

"பஸ் வரலைன்னு அங்க ஒரு ஊரே நிக்குது. நமக்குச் சொன்னது அவரு ஒருத்தருதானுங்க. சேத்துட்டு வாங்க, போலாம்."

டிரைவரு லீவு. பூவாத்தாவே வண்டியை எடுத்தாங்க. வேலு பக்கத்துல உக்காந்து அந்த நம்பரைச் சேத்தாரு. சேத்த வேகத்துக்கு போன் உடையாம இருந்தது பெரிய காரியம்.

மண் ரோட்டுல எறங்கினதும் வேலு ஆரம்பிச்சாரு.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி?"

"கேளுங்க."

"நடந்ததைச் சொல்லலாம். நடக்கப் போறதைச் சொல்லலாம். நடக்காததையும் எதுக்குங்க ஊருக்குச் சொல்லிட்டுத் திரியோணும்? கல்யாண வீட்டுல சாம்பார் பத்தாதுன்னு யாராவது மைக் போட்டுச் சொல்லுவாங்களா?"

"கண்ணாடியைச் சித்த ஏத்துங்கண்ணா. புழுதி வருது."

வேலு கண்ணாடியை ஏத்துனாரு. பல்லையும் கடிச்சுக்கிட்டாரு.

ஆலாங்கரட்டுல வேப்ப மரத்தடிதான் பஸ் ஸ்டாப்பு. அதுக்கு ரெண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தாங்க. தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, ஆரத்தித் தட்டு ரெடியா இருந்துச்சு. மரத்து ஆணியில பெரிய செவ்வந்தி மாலை ஒண்ணு தொங்குச்சு. மணி ஒம்போது ஆயிருச்சு. முப்பது பேருக்கு மேல இன்னும் அங்கயே நின்னாங்க.

வண்டி நின்னதும் ராக்கியண்ணன்னு ஒரு விவசாயி முன்னால வந்தாரு.

"வாங்க எம்எல்ஏம்மா. பஸ்ஸுக்கு வாங்குன மாலை வாடுதுங்க. உங்க காருக்குப் போட்டுரலாமுங்களா? அதுக்கும் நாலு சக்கரந்தான?"

ரெண்டு பேரு சிரிச்சாங்க. மத்தவங்க சிரிக்கல. வேலு கீழ எறங்கி, பூவாத்தாவுக்குப் பின்னால ஒரு எட்டு தள்ளி நின்னுக்கிட்டாரு.

பூவாத்தா தாளைப் பிரிச்சாங்க.

"பஸ் வரலீங்க. எப்ப வரும்னும் தெரியல. அமைச்சரு சொன்னது மூணு வரி. படிக்கறேன், கேளுங்க. ஆலாங்கரட்டுக்குப் பேருந்து கேட்டுக் கோரிக்கை வந்துள்ளது. ஊருக்குள் பேருந்து திரும்ப இடவசதி இல்லை. இடவசதி ஏற்பட்டால் பரிசீலிக்கப்படும். அவ்வளவுதானுங்க. தேதி அதுல இல்ல. தேதி போட்டதும், நடு வரியை விட்டதும் எங்க ஆபீசு. தப்பு எங்க மேல."

ஒரு பாட்டி ஆரத்தித் தட்டை எடுத்து ஓரமா வெச்சா. அது வேலுவுக்குத் திட்டை விட மோசமா இருந்துச்சு.

கூட்டத்துல இருந்து ஒரு பொண்ணு முன்னால வந்தா. நூல் மில்லுக்குப் போற நீலக் கோட்டு போட்டிருந்தா. பேரு சின்னத்தங்கம்.

"மில்லு வேன் அஞ்சரைக்கே வந்துரும்ங்க, ஊரெல்லாம் சுத்திட்டு எட்டு மணி ஷிப்டுக்குப் போகும். புள்ளைங்க தூங்கிட்டு இருக்கறப்பவே போயிருவேன். ஏழு பத்துக்குப் பஸ்ஸுன்னதும், எழுப்பிச் சோறு போட்டுட்டுப் போலாமேன்னு வேன் வேண்டாம்னு சொல்லிட்டேன். என்ற சீட்டுக்கு நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்க. மூணு நாள் போகலைன்னா பேரை எடுத்துருவாங்க. இன்னிக்கு ஒரு நாள் போச்சுங்க."

அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா வேலு பதிலுக்கு எதாவது சொல்லியிருப்பாரு. அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

ராக்கியண்ணன் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "அந்த நடு வரியை இன்னொருக்கா படிங்க."

பூவாத்தா படிச்சாங்க.

"திருப்பற எடந்தானுங்களா குத்தம்? வேற ஒண்ணுமில்லையே?"

"வேற ஒண்ணும் எழுதலீங்க."

"அடக் கெரகமே! என்ற சோளக்களம் சும்மாதான கெடக்குது. வருசத்துல ஒரு மாசம் சோளம் அடிக்கறேன். மிச்ச நாளெல்லாம் ரெண்டு பஸ்ஸே திருப்பலாமே. இதை மொதல்லயே சொல்லியிருந்தா மாலையை பஸ்ஸுக்கே போட்டிருக்கலாமுங்க!"

இந்தத் தடவை எல்லாரும் சிரிச்சாங்க. வேலு மட்டும் சிரிக்கல.

பூவாத்தா சின்னத்தங்கத்தைப் பாத்தாங்க. "ஏறுங்க. இப்பப் போனா அரை நாளாவது கெடைக்கும். மில்லு கேட்டுல நான் பேசறேன். நாளையில இருந்து பஸ் வர்ற வரைக்கும் ஏழு பத்துக்கு இந்த வண்டி இங்க நிக்கும். மில்லுக்குப் போற எல்லாரும் ஏறிக்கலாம். வேலண்ணா ஓட்டுவாரு."

"நானா?"

"லைசென்ஸ் இருக்குதில்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆனா எனக்குக் காலேஜு..."

"காலேஜு பத்து மணிக்குத்தானுங்களே?"

சின்னத்தங்கம் ஒடனே ஏறல. பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போயி ரெண்டு டம்ளர் காப்பி கொண்டாந்தா. ஒண்ணை பூவாத்தாகிட்டயும் ஒண்ணை வேலுகிட்டயும் நீட்டுனா.

"வர்றோம், செய்யறோம்னு சொல்ல எத்தனையோ பேரு வந்திருக்காங்க. வரலைன்னு சொல்ல இன்னிக்குத்தாங்க ஆளு வந்திருக்கு. குடிச்சுட்டுப் போலாம்."

வேலு டம்ளரை வாங்குனாரு. காப்பி நல்ல சூடு. அவரு அதைக் கவனிக்காமயே குடிச்சாரு.

மில்லு கேட்டுல பூவாத்தா பேசுனாங்க. சின்னத்தங்கம் உள்ள போனா. போறப்பத் திரும்பிப் பாத்துக் கும்பிட்டா. வண்டி ஆபீசுக்குத் திரும்புச்சு. வர்ற வழியில வேலுதான் ஆரம்பிச்சாரு.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

பூவாத்தா கியரை மாத்துனாங்க.

"நான் தபால் கொடுத்துட்டு இருந்தப்ப ஒரு கார்டு வந்துச்சு. ஒரு தங்கச்சி அண்ணனுக்கு எழுதுனது. கொழந்தைக்குக் காதுகுத்து வெச்சிருக்குது, மாமன் மடியில உக்கார வெக்கோணும், பழசையெல்லாம் மறந்துட்டு வந்துருன்னு. அந்த அண்ணன் வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கயோ போயிட்டாரு."

"சரி."

"ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்போணும். விதி அதுதான். அந்தப் புள்ள சங்கடப்படுமேன்னு நான் எழுதல. எப்படியும் தேடிக் கண்டுபுடிச்சுக் கொடுத்துரலாம்னு பையிலயே வெச்சிருந்தேன். மூணு வாரம்."

"கண்டுபுடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"காதுகுத்து அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் கோயில் வாசலைப் பாத்துட்டே உக்காந்திருந்தாங்களாம். பெரியப்பன் மகன் ஒருத்தரு பக்கத்து ஊர்லயே இருந்தாரு. கார்டு போய்ச் சேரலைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா அவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பாங்க."

வேலு கண்ணாடியை எறக்குனாரு.

"அந்தக் கார்டு?"

"இன்னும் என்ற பீரோவுல இருக்குதுங்க."

அன்னிக்குச் சாயங்காலம் வேலு கரும்பலகையை ஈரத்துணி போட்டுத் தொடைச்சாரு. ஆலாங்கரடு பஸ்ஸுன்னு எழுதி, அதுக்குக் கீழ மூணு வரியையும் எழுதுனாரு. நடு வரி மத்ததை விடப் பெருசா விழுந்துருச்சு. அழிக்கல.

ஏப்ரல் மாசம் பூரா ஏழு பத்துக்கு அவரு வண்டி வேப்ப மரத்தடியில நின்னுச்சு. மொத நாள் மூணு பேரு ஏறுனாங்க. ஒரு வாரத்துல எட்டுப் பேரு, மடியில ஒருத்தருன்னு ஆயிருச்சு. மொதல்ல அவங்க வேலுகிட்டப் பேசல. அப்புறம் பேச்சை நிறுத்தல. ரேஷன் கடைப் பூட்டு, தண்ணித் தொட்டிப் பாசி, நர்ஸம்மா வராத செவ்வாக்கெழமை, எல்லாம் வண்டிக்குள்ள வந்துச்சு. "அண்ணா, இதுக்கு என்ன பதில் வந்துச்சு?"ன்னு கேப்பாங்க. வரலைன்னா வரலைன்னு சொல்லக் கத்துக்கிட்டாரு. சொன்னா அவங்க, "சரிங்கண்ணா, நாங்க வேற யாரையாவது புடிக்கறோம்"பாங்க. சின்னத்தங்கம் புள்ளைங்களுக்குச் செஞ்ச இட்லியில ரெண்டை எலையில சுத்தி அவருக்குன்னு கொண்டாருவா. காலேஜுல வாத்தியாருங்க, இந்த ஆளுக்கு என்னமோ ஆயிருச்சு, சண்டையே போடறதில்லைன்னு பேசிக்கிட்டாங்க. அது பாதிதான் நெசம்.

டெப்போ மேனேஜரு ஒரு நாள் வந்து ராக்கியண்ணன் களத்தை டேப்பு புடிச்சு அளந்துட்டுப் போனாரு. எடம் போதும்னு எழுதியும் கொடுத்தாரு. பஸ் இன்னும் வரல.

மே ஒண்ணாந்தேதி கிராம சபை. அதே வேப்ப மரத்தடியில சேரு போட்டு மைக் கட்டியிருந்தாங்க. பஞ்சாயத்துத் தலைவரு தீர்மானமெல்லாம் படிச்சு முடிச்சதும், எம்எல்ஏம்மா ரெண்டு வார்த்தை பேசட்டும்னு கூட்டம் கேட்டுச்சு.

பூவாத்தா எந்திரிச்சாங்க.

"களத்துல எடங்கொடுத்த ராக்கியண்ணனுக்கு நன்றிங்க. ஒரு மாசம் எங்க ஆளுக்கு இட்லி போட்ட தங்கச்சிக்கு நன்றி. இன்னொருத்தரு இருக்காரு. டிராக்டர் படம் வெச்சிருப்பாரு. இந்தக் கூட்டத்துலதான் எங்கயோ உக்காந்திருப்பாரு. யாருன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அவரு கேக்காம இருந்திருந்தா, எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. அவருக்குத்தான் பெரிய நன்றிங்க."

கூட்டம் கை தட்டுச்சு. வேலுவும் தட்டுனாரு. யாரா இருக்கும்னு வரிசை வரிசையா மொகத்தைப் பாத்தாரு. எல்லா மொகமும் அவரையே பாக்கற மாதிரி இருந்துச்சு.

பூவாத்தா உக்காரல. மைக்கை வேலு பக்கம் நீட்டுனாங்க.

வேலு எந்திரிச்சுக் கிட்டப் போயி மெதுவாச் சொன்னாரு. "தப்பு எங்க ஆபீசுதுன்னு நீங்க அன்னிக்கே சொல்லிட்டீங்களே அம்மிணி. பலகையிலயும் எழுதிட்டேன். நன்றியும் சொல்லியாச்சு. இன்னும் என்னுங்க?"

"ஆபீசுக்கு வாய் இல்லீங்கண்ணா. தேதி போட்டது யாரு, நடு வரியை எடுத்தது யாரு, எதுக்கு எடுத்தீங்க? டிராக்டர்காரரு கேட்டது எல்லாருக்கும் முன்னால. நீங்களும் எல்லாருக்கும் முன்னாலயே பதில் சொல்லுங்க."

வேலு மைக்கை வாங்கி, "தேதி போட்டது நான்தானுங்க"ன்னு ஆரம்பிச்சாரு.