பூட்டுக்குக் கிடைத்த முதல் பரிசு

கரட்டுக்காட்டில் கோடை கொளுத்தியது. மிஞ்சியது ஒரே ஒரு சுனை. அதைச் சுற்றிலும் ஏற முடியாத வழுக்குப் பாறை. உள்ளே போக ஒரே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் மனிதர்கள் எந்தக் காலத்திலோ ஓர் இரும்புக் கதவை மாட்டிவிட்டு மறந்து போயிருந்தார்கள். அது திறந்தே கிடந்தது.

யார் முதலில் குடிப்பது என்று தினமும் அடிதடி. கடைசியில் போனால் சேறுதான். நரி ஒரு யோசனை சொன்னது. கூட்டம் போடுவதில் இருந்த ஆசை வேட்டையிலும் இருந்திருந்தால் அந்த நரி எலும்பும் தோலுமாக அலைந்திருக்காது.

"மனிதன் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்த பொருளை யார் கொண்டுவருகிறார்களோ, கோடை முழுக்க அவர்களுக்கே முதல் முறை! நடுவர் நான்!"

"உன்னை யார் நடுவராக வைத்தது?" என்றது காட்டுப்பன்றி.

"நடுவர் வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தானே!"

இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்? எல்லாம் தலையாட்டின.

மறுநாள் காலை, சாலையோரம் மனிதர்கள் எறிந்துவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு சுனை வாசலில் கூடின.

காக்கை ஒரு கண்ணாடித் துண்டை வைத்தது. "இதில் பார்த்தால் நான் தெரிகிறேன்!"

"அதுதான் அதில் குறை. அடுத்தது!" என்றது நரி.

பன்றி ஓர் ஒலிபெருக்கிக் குழாயை உருட்டி வந்தது. "இதில் ஒருத்தன் பேசினால் ஊருக்கே கேட்குமாம்!"

"கேட்டுவிட்டு ஊர் என்ன செய்யும்?"

"அதுவும் ஒரு குழாய் கட்டித் திருப்பிக் கத்துமாம்."

"தள்ளு அப்பால்!"

மான் எதையும் கொண்டுவரவில்லை. அதன் பின்னால் கால் தள்ளாடும் குட்டி ஒன்று நின்றது. "நேற்றுத்தான் ஈன்றேன். மடி வற்றிக் கிடக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிறேன். அப்புறம் நீங்கள் எதை வேண்டுமானாலும் தலையில் தூக்கி வைத்து ஆடுங்கள்."

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே, தாயே! தீர்ப்புக்கு முன்னால் ஒரு சொட்டும் கிடையாது!" என்றது நரி.

கடைசியாகக் குரங்கு வந்தது. கையில் வளையம் திறந்த பித்தளைப் பூட்டு.

"மனிதன் வீடு கட்டினான், வண்டி செய்தான், நகை செய்தான். எல்லாம் முடித்தபிறகு இதைச் செய்தான். ஏன்? மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டு மனிதன் தூக்கிக்கொண்டு போய்விடுவானே! ஆக, எல்லாக் கண்டுபிடிப்புக்கும் காவல் இது ஒன்றுதான்!"

நரிக்குப் புல்லரித்தது. "வேலை செய்து காட்டு!"

குரங்கு கதவை இழுத்துச் சாத்தியது. நாதாங்கியில் பூட்டை மாட்டி ஓர் அழுத்து அழுத்தியது. டக்! பன்றி முட்டிப் பார்த்தது. கதவு அசையவில்லை. ஒரே ஆரவாரம்!

"முதல் பரிசு பூட்டுக்கே!" என்று முழங்கியது நரி.

குரங்கு இரண்டே தாவலில் கதவைத் தாண்டி உள்ளே குதித்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து கதவின் உச்சியில் உட்கார்ந்தது. காக்கையும் பறந்து போய் அலகை நனைத்துக்கொண்டது. "அடடா, இப்போதுதான் காட்டில் ஒழுங்கு வந்தது!" என்றது. இறக்கை இருக்கிறவனுக்கு எந்தக் கதவும் நல்ல கதவுதான்.

"சரி, திற!" என்றது பன்றி.

"திறப்பதா? போட்டி பூட்டுவதற்குத்தானே! சாவி தனிச் சரக்கு. பழம் கொண்டுவாருங்கள், பேசலாம்."

ஓடின. அத்திப்பழம் வந்தது. இலந்தை வந்தது. பன்றி ஒரு பலாப்பழத்தையே உருட்டி வந்தது. "இன்னும் கொஞ்சம்," என்றது குரங்கு, வாய் நிறைய. வெயில் உச்சிக்கு ஏறியது. குட்டி வற்றிய மடியைச் சப்பிச் சப்பிப் பார்த்தது. பிறகு முன்னங்கால் மடங்கி விழுந்தது.

மான் குளம்பால் தரையை உதைத்தது. "ஏய் குரங்கே! சாவியைக் காட்டு!"

"பழம் வரட்டும், காட்டுகிறேன்."

"காட்டினால்தான் பழம்! சரக்கைக் கண்ணில் காட்டாமல் விலை சொல்கிறவனிடம் சரக்கே இருக்காது. இருக்கிறதா, இல்லையா?"

குரங்கின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "சாலையில்... பூட்டு மட்டும்தான் கிடந்தது."

"அதனால் பூட்டின் பெருமை குறைந்துவிடாது!" என்றது நரி.

மான் பன்றியின் பக்கம் திரும்பியது. "அண்ணே! ஒரு கிழங்குக்காகப் பாதிக் காட்டையே புரட்டிப் போடுகிற மூக்கு உன்னுடையது. அதை வைத்துக்கொண்டு குரங்குக்குப் பலாப்பழம் உருட்டுகிறாயே, வெட்கமாக இல்லை?"

பன்றி யோசித்தது. "ஆனால் தங்கச்சி, மூக்கு மனிதன் கண்டுபிடித்தது இல்லையே!"

"தோண்டு அண்ணே! அதை அப்புறம் விசாரிக்கலாம்!"

பன்றி கதவுக்கு அடியில் மூக்கைக் கொடுத்தது. மண் பறந்தது. குரங்கு பழத்தையெல்லாம் போட்டுவிட்டு மரத்துக்கு மரம் தாவி மறைந்தது. குழி ஆழமானதும் மான்தான் முதலில் நுழைந்தது. யாரும் முறை கேட்கவில்லை. அது குடித்துவிட்டு வந்து குட்டியை நக்கி எழுப்பியது. சிறிது நேரத்தில் குட்டியின் வாயோரம் பால் நுரைத்தது.

நரி கடைசியாகத் தவழ்ந்து போய்ச் சேற்றை நக்கிவிட்டு வந்தது. வெளியே வந்ததும் நாதாங்கியை அண்ணாந்து பார்த்தது.

"பார்த்தீர்களா! இன்னும் திறக்கவில்லை! என் தீர்ப்பு சரிதான்!"

ஒரு பொருளை மெச்சுவதற்கு முன் அதன் சாவி யார் கையில் என்று கேட்காதவன், தன் வீட்டுத் தண்ணீருக்கே வாசலில் காத்துக் கிடப்பான்.