ஆறு சனிக்கிழமை

"சாமி, தில்லைநாதன் மடத்தை விட்டுப் போறேங்கிறான். நீங்கதான் அவனுக்குச் சொல்லணும்."

மருதப்பன் வந்து நின்றபோது குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருதப்பனைவிட அவர் பத்து வயது இளையவர்.

ஏன் போகிறான் என்று கேட்டார்.

தெரியவில்லை என்றான் மருதப்பன். கொஞ்சம் பொறுத்து, தெரியும் என்றான்.

அவனும் தில்லைநாதனும் துறவு பூணாமல் மடத்து வேலை பார்ப்பவர்கள்; பதினெட்டு வருடமாக ஒரே அறையில் இருப்பவர்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் கஞ்சி குடிப்பான். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் தில்லைநாதனுக்குப் பெண் கொடுக்க ஒரு வீட்டார் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அதன் காரணத்தை அன்று சாயங்காலம் மருதப்பனிடம் மட்டும் சொன்னான்.

"எனக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போகும், மருது. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தான். உன்கிட்டகூடச் சொல்லாம நான் யார்கிட்ட சொல்வேன்?"



"நீ என்ன சொன்னே?" என்று கேட்டார் குரு.

"அதனால என்னடா, நீ எனக்கு அதே தில்லைதான்னு சொன்னேன் சாமி."

மருதப்பனுக்குத் தன் பெருந்தன்மையில் கொஞ்சம் பூரிப்பு உண்டு. நாலு பேரைப் போல அவன் முகம் சுளிக்கவில்லை, பரிகாரம் சொல்லவில்லை, யாரிடமும் வாய் திறக்கவுமில்லை. இவ்வளவு நல்லவனை விட்டுவிட்டு ஒருவன் போகிறான் என்றால் மனம் கசக்கத்தானே செய்யும்.

"நான் கடுகளவும் மாறலை. அவன்தான் முகம் கொடுத்துப் பேசமாட்டேங்கிறான்."

குரு கீரைத் தண்டைக் கீழே வைத்தார்.

"மேல்துண்டை எடு. திரும்பு."

அந்த மடத்தில் சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல். ஆற்றங்கரையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் முதுகில் மற்றவர் எண்ணெய் தேய்ப்பது வழக்கம். மருதப்பனுக்குத் தேய்த்துவிடுவது எப்போதும் தில்லைநாதன்தான்; தில்லைநாதனுக்கு மருதப்பன்.

மருதப்பனின் தோளும் விலாவும் மினுமினுத்தன. நடு முதுகில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. குரு அங்கே விரலை வைத்தார்.

"எத்தனை சனிக்கிழமை?"

மருதப்பன் திரும்பாமலே சொன்னான்.

"ஆறு சாமி. அவனுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, நானே தேய்ச்சுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அவனுக்கா?"

மருதப்பன் துண்டைத் தோளில் போடவும் மறந்து நின்றான். வெட்கம் காதுவரை சுட்டது.

குரு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

மருதப்பன் மடைப்பள்ளியில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனான். தில்லைநாதன் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். மருதப்பன் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"இன்னிக்கு வியாழக்கிழமை," என்றான் தில்லைநாதன்.

"தெரியும்."

"சாமி அனுப்பினாரா?"

"இல்ல. என் முதுகைப் பார்த்தார். எத்தனை சனிக்கிழமைன்னு கேட்டார், அவ்வளவுதான்."

தில்லைநாதன் கிண்ணத்தைத் தொடவில்லை; கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்தான். பிறகு எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, மருதப்பனுக்கு முன்னால் வந்து முதுகைத் திருப்பி உட்கார்ந்தான்.

"முதல்ல எனக்கு," என்றான்.